பீர்க்கன்கரணையில் நான் கூட்டிய மீன் சந்தை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் மலை இல்லை, அருவி இல்லை, செல்ஃபி எடுக்க உருப்படியாக ஒரு இடம்கூட இல்லை. கோவளம் கடற்கரையில் ஆரம்பித்து, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக, பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் முடிகிற முப்பத்தோரு கிலோமீட்டர். அதையும் மீன் ஏற்றிய லோடு ஆட்டோவில் போனேன். பதினோரு வருடமாக ஊர் ஊராகச் சுற்றி இந்த வலைப்பூவில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு வாசலிலிருந்து நாலு நிமிட நடையில் இருக்கும் ஒரு இடத்தைப் பற்றி எழுதியதில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். போன வருடம் 'ஏரிக்கரையில் ஒரு காலை நடை' என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது: "காலை எட்டு மணிக்கு இங்கே ஒரு மீன் சந்தையே கூடிவிடுகிறது. பாதிச் சாலையில் மீன், மீதிச் சாலையில் ஜனம். வண்டிகள் நின்று நிதானித்துத்தான் போக வேண்டும்." எழுதி முடித்ததும் நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். பயணக் கட்டுரை என்றால் கொஞ்சம் தூக்கலாகத்தானே எழுதுவோம்? சாம்பாரில் உப்பு மாதிரி அது. படிக்கிற உங்களுக்கும் தெரியும், எழுதுகிற எனக்கும் தெரியும்.

உண்மையில் அங்கே இருப்பது கஸ்தூரி அக்கா ஒருவர்தான். தினமும் கோவளத்திலிருந்து வந்து, ஆறு வருடமாக அதே வேப்பமரத்தடியில் மீன் விற்கிறார்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, அவர் எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் வந்து நின்றார். கையில் ஒரு நோட்டீஸ். சாலையை மறித்துக் கடை நடத்துவதாகப் புகார் வந்திருப்பதாகவும், ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் அப்புறப்படுத்துவோம் என்றும் அதில் இருந்தது. கூடவே புகாரின் நகல். அதன் பின்னால் கலர் பிரின்ட்டில் என் பதிவு, என் பெயரோடு. அந்தப் பத்தியின் கீழே யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள்.

"இன்னா மேடம், நான் ரோட்ட மறிச்சுகினா கீறேன்? வாரத்துக்கு மூணு நாளு எங்கிட்ட வாங்கித் துன்றியே, நீயே இப்டி எழுதிக் குடுத்துட்டியே!"

"ஐயோ அக்கா, நான் உங்களைப் புகழ்ந்துதான் எழுதினேன்!"

"நல்லா புகழ்ந்தே போ."

வேறு இடம் பார்க்கலாமே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் மீன் விற்கிற ஒவ்வொரு முனையிலும் ஒருத்தி இருக்கிறாள், ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி உட்காருவது அவர்களிடம் வழக்கமே இல்லை. இந்த மரத்தடி போனால் அவருக்குப் பிழைப்பே போச்சு. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

புகார் கொடுத்தவர் எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் ரகு சார். நேராக அவரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன். பாவம், அவர் முகத்தில் கள்ளமே இல்லை. "ஸ்கூல் வேன் திரும்ப முடியலைன்னு நாலு பேர் க்ரூப்ல கம்ப்ளெயின்ட் பண்ணாங்க மேடம். வேனை மறிக்கிறது மீன்தானான்னு எனக்கும் சரியாத் தெரியல. ஆனா நீங்களே எழுதியிருந்தீங்களே, ரோடு பாதிக்கு மேல போச்சுன்னு! ப்ரூஃப் மாதிரி இருக்கேன்னு சேர்த்துட்டேன்." எழுதினவள் நான்தானே.

அன்று மாலையே உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதினேன். கடல், உழைப்பு, விடியல் எல்லாம் போட்டு, கடைசிப் பத்தியில் நானே கண் கலங்கினேன். மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பெருங்களத்தூரில் 9.20 மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் போனேன். டிக்கெட் ஐந்து ரூபாய், ஆறே நிமிடம். அங்கே நோட்டீஸ் அனுப்பிய அரசு அலுவலகத்துக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒருவர் மடிக்கணினியும் பிரின்டரும் வைத்துக்கொண்டு மனு எழுதித் தருகிறார். சும்மா தட்டச்சு செய்து வாங்கலாம் என்றுதான் போனேன். எனக்கே எழுதச் சொல்லித் தருவார் என்று எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் கர்வம்தான்.

அவர் மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். "சூப்பரா கீது மேடம். ஆனா இது மனு இல்ல. இத்தப் படிச்சுட்டு அந்த ஆபீசர் இன்னா செய்யணும்?"

"நோட்டீஸை வாபஸ் வாங்கணும்."

"அத்த எங்க எழுதிக்கீறீங்க?"

தேடினேன். மூன்றாம் பக்கத்தில், விடியலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"அவருக்கு இன்னிக்கு மட்டும் நாப்பது மனு வரும். பொருள்னு ஒரு வரி, அத்தப் பாப்பாரு. கோரிக்கைனு ஒரு வரி, அத்தப் பாப்பாரு. அப்பால கையெழுத்து. அவர் கண்ணு போற எடத்துல நீங்க சொல்ல வேண்டியது இருக்கணும். சரி, அந்தம்மா எத்தனை மணிக்கு வருது? எத்தனை மணிக்கு எழுந்து போவுது? ரோட்டுலேர்ந்து எத்தனை அடி தள்ளி குந்துது?"

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு வருடமாக மீன் வாங்குகிறேன், ஒரு பதிவே எழுதியிருக்கிறேன், ஆனால் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. "தெரிஞ்சுகினு வாங்க, பத்து நிமிஷத்துல அடிச்சுத் தரேன்" என்றார். அதனால்தான் வியாழக்கிழமை இந்தப் பயணம்.

விடிகாலை 4.40க்கு வாடகைக் காரில் கிளம்பினேன். 5.35க்குக் கோவளம், 680 ரூபாய். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடைக்காது, ஆகவே வேறு வழியில்லை. இருட்டு விலகும்போது படகுகள் வர ஆரம்பித்தன. மணலிலேயே வலையை உதறி, மீனைக் குவித்து, அங்கேயே ஏலம். கஸ்தூரி அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். ஒரு குவியல் சங்கரா வந்தது. எனக்கே தெரிகிறது, பளபளவென்று அப்படியொரு மீன்.

"இன்னா இது, மூணு நாளு ஐஸ்ல கெடந்த மாதிரி கீது? இத்த எவ வாங்குவா?" என்றார் அக்கா.

ஏலம் விடுகிறவர் அசரவில்லை. "உனுக்கு கண்ணு பூட்ச்சா? பாரு, இன்னும் வாயத் தொறந்து மூடுது!"

ஐந்து நிமிடம் இப்படியே திட்டித் தீர்த்துவிட்டு, அக்கா அந்தக் குவியலையே வாங்கினார்.

6.30க்கு லோடு ஆட்டோ புறப்பட்டது. ஐந்து பெண்கள் சேர்ந்து எடுக்கும் வண்டி, ஆளுக்கு நூற்றி இருபது. என்னிடமும் அதேதான் வாங்கினார்கள், மேடம் என்று சலுகை எதுவும் இல்லை. பின்னால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன், ஐஸ் தண்ணீர் செருப்பை நனைத்தது. 6.50க்குக் கேளம்பாக்கம். என் ஆபீஸ் இருக்கும் சிறுசேரிக்குப் போகிற கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக நின்றன. தினமும் அந்தக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து இந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வெளியே இருந்து பஸ்ஸைப் பார்த்தேன், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வழியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும் எதையாவது மறந்து, வண்டியை நிறுத்தி, திட்டு வாங்கினார்கள். வண்டலூரில் பதினைந்து நிமிடம் நெரிசல். 7.55க்குப் பீர்க்கன்கரணை ஏரிக்கரை. அக்கா சாக்கை விரித்து, இரண்டு அன்னக்கூடைகளை வைத்து, பலகையும் கத்தியும் எடுத்து உட்கார்ந்தார். அவ்வளவுதான் கடை. முதல் வாடிக்கையாளரிடம் அவர் சொன்னது: "கண்ணப் பாரு, கண்ணாடியாட்டம் கீது! இப்பத்தான் கரைக்கு வந்துச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, காலைல இதே மீனைத்தானே மூணு நாள் ஐஸ்னு சொன்னீங்க?"

"அது ஏலத்துல சொல்றது! ஏலத்துல நின்னுகினு மீனு நல்லாகீதுன்னு எவளாவது சொல்வாளா? அவனுக்கும் தெரியும், எனுக்கும் தெரியும்." கத்தியைத் துடைத்துப் பலகைமேல் வைத்தார். "ஆனா மேடம், அத்த எவனாவது அப்டியே எழுதி ஆபீஸ்ல குடுத்தான்னு வையி. கஸ்தூரி கெட்டுப்போன மீனு விக்கிறான்னு என் வாயாலயே ஆயிடும்ல?"

பதினோரு வருட எழுத்தில் எனக்கு உறைக்காதது அந்த இடத்தில் உறைத்தது. ஏலம் போடுகிற கூட்டத்துக்கு ஏலப் பேச்சைக் கேட்கத் தெரியும். உங்களுக்கு என் பதிவைப் படிக்கத் தெரியும். சிறுசேரியில் நான் மென்பொருள் சோதிப்பவள். அங்கே 'பயங்கரமாக ஹேங் ஆகிறது' என்று எழுதினால் யாரும் சீந்த மாட்டார்கள், எந்தப் பொத்தானை அழுத்தினேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். எங்கள் வாட்ஸ்அப் க்ரூப்பில் எரிச்சலில் போடுகிற வரிக்குக் கட்டைவிரல் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுதுவதில் ஒரு முறை, படிப்பதில் ஒரு முறை. என் வரியை அதன் கூட்டத்திலிருந்து கிளப்பி ஒரு அரசு ஃபைலுக்குள் வைத்ததும், பாராட்டு குற்றச்சாட்டாகிவிட்டது.

கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். தார்ச்சாலையின் ஓரத்திலிருந்து சாக்கின் விளிம்பு வரை நாலே முக்கால் அடி. 8.05க்குத் தொடங்கிய வியாபாரம் 10.40க்கு முடிந்தது. அதற்குள் ஆறு ஸ்கூல் வேன்கள் திரும்பின. நாலு வேன்கள் திணறியது உண்மை, ஆனால் காரணம் மீன் இல்லை. எதிர்ப்பக்கம் வரிசையாக நிறுத்தியிருந்த எங்கள் அபார்ட்மென்ட் கார்கள். இரண்டாவது கார் என்னுடையது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் தாம்பரம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா வணக்கம். நேரம், தூரம், வேன்கள், கார்கள். கஸ்தூரி அக்கா பெயரில் அவருடைய விளக்கம், அதோடு இணைக்க என் பெயரில் ஒரு தாள். கோரிக்கை ஒன்றே ஒன்று, நேரில் ஆய்வு செய்து நோட்டீஸை ரத்து செய்ய வேண்டும். எல்லாம் அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. கடைசியில் என் தாளில் மனு எழுதுகிறவர் தானாகவே ஒரு வரி அடித்தார்: "மேற்படி வலைப்பதிவில் நான் எழுதியவை உண்மைக்கு மாறானவை."

"மிகைப்படுத்தியவைன்னு போடலாமே?" என்றேன்.

"போடலாம். அப்போ எவ்ளோ மிகைன்னு ஒரு கேள்வி வரும், ஃபைலு ஒரு மாசம் நிக்கும். அந்தம்மாவுக்கு இன்னும் மூணு நாளுதான் கீது."

சும்மா சொல்லக் கூடாது, வலித்தது. என் எழுத்தைப் பொய் என்று நானே எழுதிக்கொடுக்க வேண்டும். யாராவது இதைப் படமெடுத்துப் போட்டால் இந்தப் பதினோரு வருடம் என்னாவது? பக்கத்தில் கஸ்தூரி அக்கா, வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டேன். கட்டணம் நூறு ரூபாய். எதிரே போய்க் கொடுத்தோம், முத்திரையோடு ரசீது வாங்கினோம், 11.50க்கு வெளியே வந்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை 9.15க்கு ஒரு அலுவலர் ஏரிக்கரைக்கு வந்தார். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தன் நாடாவால் அளந்தார். அதே நாலே முக்கால். எதிர்ப்பக்கக் கார்களையும் எண்ணி எழுதிக்கொண்டார். பத்து நாளில் நோட்டீஸ் ரத்து என்று அக்காவுக்குக் கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் எங்கள் சங்கத்துக்கும் ஒரு கடிதம் வந்தது, கார்களை எடுக்கச் சொல்லி. ரகு சார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் காரை இப்போது அரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்துகிறேன், நடக்கிறேன், உடம்புக்கு நல்லதுதான்.

இப்படி ஒரு சுற்றுப் போக நினைப்பவர்களுக்கு: கடற்கரைக்கு ஐந்தரைக்குள் போய்விடுங்கள், நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு போடுங்கள், லோடு ஆட்டோவில் இடம் உண்டா என்று முந்தின நாளே கேளுங்கள். மனுவோடு போகிறவர்கள் ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள், ரசீது வாங்காமல் நகராதீர்கள். இரண்டுக்கும் அளவு நாடா எடுத்துப் போங்கள். தெரிந்த ஊரைப் பற்றி, தெரிந்த ஆளைப் பற்றி எழுதினால் போடுமுன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். இதை அறிவுரையாகச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது.

பழைய பதிவில் அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். போன ஞாயிறு, போடுமுன் மரத்தடியில் உட்கார்ந்து அக்காவிடம் படித்துக் காட்டினேன்: "ஏரிக்கரையில் காலை எட்டிலிருந்து பத்தே முக்கால் வரை கஸ்தூரி என்பவர் மீன் விற்கிறார். இரண்டு அன்னக்கூடை. சாலையிலிருந்து நாலே முக்கால் அடி."

மேற்கொண்டு ஏதாவது வருமென்று காத்திருந்தார்.

"அவ்ளோதானா? இதுல ஒண்ணியுமே இல்லியே மேடம்."

"ஆமாக்கா."

"அப்போ போட்டுக்கோ."