அப்பாவின் மூக்கும் மேற்குச் சுவர் அட்டியும்

1. மில்லுக்குப் போகும் வழியில் சைக்கிளிலிருந்து விழுந்து அப்பாவுக்குப் பின்மண்டையில் அடிபட்டது.
2. காயம் ஆறிவிட்டது. ஆனால் வாசனை தெரிவது நின்றுபோனது.
3. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிடங்கில் நெல் கெடத் தொடங்குகிறதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் அவருடைய வேலை.
4. அம்மா கண்டுபிடித்தாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை.
5. நான் அவர்கள் இருவரையும் கண்டுபிடித்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது பாலால். அடுப்பில் பால் தீய்ந்து புகை வந்துகொண்டிருக்க, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "தெருவே நாறுது, இந்த மனுஷன் பேப்பர் படிச்சிக்கினு கீறாரு" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போனாள்.

அதற்குப் பிறகு அப்பா மாலையில் காகிதப் பொட்டலங்களோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒவ்வொரு அட்டியிலிருந்தும் ஒரு பிடி நெல். மூட்டைகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருப்பதை மில்லில் அட்டி என்பார்கள். "கோழிக்குப் போடு" என்று அம்மாவிடம் கொடுப்பார். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. அம்மா ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து முகர்ந்துவிட்டு, அடுப்பைப் பார்த்துப் பேசுவாள்.

"ரெண்டாவது பொட்லம் ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது. எந்தக் கோழி தின்னும் இத்த?"

அப்பா ஒன்றும் கேட்காதவர்போல முகம் கழுவப் போவார். மறுநாள் இரண்டாவது அட்டியைப் பிரித்துக் காயவைத்திருப்பார்.

நான் அப்போது பாலிடெக்னிக் முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் பயிற்சியில் இருந்தேன். ஈரம் ஏறிய நெல் நாறுவதற்கு முன்பே சூடாகும். இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் கிடைக்கும். மூட்டைக்குள் இருக்கும் சூட்டை அளந்தால் மூக்கு தேவைப்படாது. லேத் பட்டறையில் சொல்லி, நுனி கூரான ஒரு நீளக் குழாய் செய்து வாங்கினேன். நுனியருகே துளைகள். உள்ளே பஞ்சு சுற்றிய தெர்மாமீட்டர். "பயிற்சிக்கு வேணும்ப்பா, உங்க கிடங்குல செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வா பாப்பா" என்றார். அன்றிலிருந்து வீட்டில் மூன்று பேரும் நடித்துக்கொண்டிருந்தோம்.

மில் ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகும் வழியில் இருந்தது. சனிக்கிழமைகளில் நான் குழாயோடு போனால் மூட்டை தூக்குபவர்களுக்குக் கொண்டாட்டம்.

"இன்னா பாப்பா, நெல்லுக்கு ஜொரமா? ஒரு ஊசி போட்டுடேன்."

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், குன்றத்தூரில் அக்கா குழந்தைக்கு அம்மை போட்டது. அம்மா கிளம்பிப் போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டை விட்டு வர முடியாது. அப்பா பொட்டலம் கொண்டுவருவதை நிறுத்தினார்.

அந்தச் சனிக்கிழமை எல்லா அட்டிகளும் ஒரே அளவு காட்டின. மேற்குச் சுவரோரம் இருந்தது மட்டும் இடுப்பு உயரத்தில், உள்பக்கம், அதிகமாகக் காட்டியது. குழாயை உருவி ஆறவிட்டு மறுபடி குத்தினேன். அதே சூடு. அந்த நேரம் பார்த்து முதலாளி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவைவிட வயதில் சின்னவர். நான் சூட்டைப் பற்றிச் சொன்னதும் சலித்துக்கொண்டார்.

"இந்த மழைல அட்டியப் பிரிச்சா எங்கேம்மா கொட்றது? உன் கம்பி கெடக்கட்டும். பெரியவரே, நீ மோந்து சொல்லு. நீ சொன்னா பிரிச்சிடலாம்."

அப்பா குத்தூசியை மூட்டையில் செருகி உள்ளங்கையில் நெல்லை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். 'நாறுது' என்று ஒரு சொல் போதும். அட்டியும் தப்பிக்கும், அவர் வேலையும் தப்பிக்கும். சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் கையை இறக்கினார்.

"எனக்கு வாசனை தெரியாது மொதலாளி. தலைல அடிபட்டதுலேர்ந்து. பொண்ணு கம்பி சூடுன்னு சொல்லுது. பிரிச்சிடணும்."

முதலாளி அவரையே பார்த்தார். "அப்ப இத்தினி நாளா யாரு மோந்து சொன்னது?"

"வூட்ல."

மூட்டை தூக்குபவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப சம்பளத்த அண்ணிகிட்ட குடுத்துடுங்க மொதலாளி."

முதலாளி சிரிக்கவில்லை. "பிரிங்கடா" என்றார்.

கூரைத் தகடு ஒன்று விலகி, மழைநீர் சுவர் வழியே இறங்கி மூட்டைகளின் முதுகை நனைத்திருந்தது. உள்ளே நெல் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. பூஞ்சை இன்னும் பிடிக்கவில்லை. எந்திரங்கள் இருந்த கொட்டகையில் கொட்டிப் பரப்பிக் கிளறிவிட்டோம். "திங்கக்கெழம பேசிக்கலாம் பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு முதலாளி போனார்.

திரும்பும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் கேரியரில் கட்டிய குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"நாறுதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ கண்டுபுடிச்சத நான் கண்டுபுடிச்சதா சொல்லிக்கணுமா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "கை வலிக்குதா? அந்தக் குழாய வுடு, வுழாது" என்றார்.

திங்கட்கிழமை முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னும் இரண்டு குழாய்கள் செய்து தரச் சொன்னார். அட்டி அட்டியாகக் குழாய் குத்தி அளவு பார்ப்பது இப்போது அப்பாவின் வேலை. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். மேற்குச் சுவர் நெல்லில் கொஞ்சம் நிறம் மாறிப்போனது. மற்றது புழுங்கலரிசிக்காக அவிக்கப் போனது. கூரையை மாற்றிவிட்டார்கள். சந்தேகம் வந்தால் முதலாளியே ஒரு பிடி எடுத்து, "வூட்ல கேட்டுனு வா" என்று அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறார். அப்பாவுக்கு வாசனை இன்னும் திரும்பவில்லை.