படம் வரைந்தவர் எங்கள் அக்கா

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றிருக்கும் உங்களில் பலர் வீட்டுச் சுவரில் எங்கள் கடையில் வரைந்த உருவப்படம் ஒன்றாவது இருக்கும். அதை வரைந்தவன் நான் என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. எல்லாம் அக்கா வரைந்தவை.

அக்கா வள்ளியூரில் பிறந்தவர். அப்பாவுக்குத் தம்பானூரில் ஓட்டல் வேலை கிடைத்ததும் திருவனந்தபுரம் வந்தோம். அக்கா அக்கம்பக்கத்தார் முகங்களைப் பள்ளி நோட்டில் அச்சு அசலாக வரைவார். அப்பா உடல் நலிந்து வேலையை விட்டபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் கடை தொடங்கினோம். "பொம்பளப் பிள்ள வரையுதுன்னு தெரிஞ்சா ஆளு வராது" என்றார் அப்பா. பலகையில் என் பெயர் ஏறியது.

கடைக்கு வருபவர்கள் கல்யாணக் கூட்டப் போட்டோவில் கடுகளவு தெரியும் ஒரு முகத்தைக் காட்டி, "எங்க அப்பாவுக்கு வேற போட்டோ கிடையாது" என்பார்கள். வகிடு எந்தப் பக்கம், மச்சம் உண்டா என்று அறையை மறைத்த மூங்கில் தட்டிக்குப் பின்னால் இருக்கும் அக்கா சீட்டில் எழுதி அதற்கு மேலாக நீட்டுவார். நான் கேட்டுச் சொல்வேன். முடிந்த படத்தைப் பார்த்ததும் அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஏழு வருடம் அந்தக் கண்ணீரை நான் வாங்கிக்கொண்டேன்.

ஏழாம் வருடம், ஒரு பள்ளிக்கூடத்தில் தொடக்கம் முதல் இருந்த தலைமை ஆசிரியர்கள் எட்டுப் பேரையும் வரையும் வேலை வந்தது. அதுவரை அவ்வளவு பெரிய வேலை எங்களுக்குக் கிடைத்ததில்லை. எட்டாமவர் ஓய்வுபெற்ற பெரியவர். தம் படத்தைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார்.

"இது என் கண்ணு இல்லியே தம்பி. இங்கயே, என் முன்னால சரியாக்கு. இல்லேன்னா எட்டும் வேண்டாம்."

தூரிகையை எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன்.

"சாரே, நான் கடை பாக்கிறவன். வரையறது எங்க அக்கா."

அக்கா தட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பெரியவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"கண்ணு சரிதான் சார். படத்துல புருவம்தான் இறங்கிப் போச்சு. கொஞ்சம் அப்படியே இருங்க."

பத்து நிமிடத்தில் முடித்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"போதும் மோளே, போதும். எட்டுலயும் உன் பேரு எழுதணும். பேரில்லாத படத்தை நான் கொண்டு போகமாட்டேன்."

அவர் போனபின் அக்கா என்னிடம், "சொல்லிட்டியே லே, இனி ஆளு வருமா?" என்றார்.

"வராட்டிப் போகட்டும்க்கா."

வந்தார்கள். கடைப் பலகையிலும் அக்கா பெயர் ஏறியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, கல்ஃபிலிருந்து மெயிலில் வரும் போட்டோக்களுக்கும் படம் வரைந்து அனுப்பினார். நான்கு பெண்களை வேலைக்கு வைத்தார். நோயில் படுத்த நாளிலும், ஒப்புக்கொண்ட படம் ஒன்றுகூடத் தவணை தவறவில்லை.

இறுதி நாட்களில் இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட அந்த நான்கு சகோதரிகளுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. அந்த ஏழு வருடத்தைப் பற்றி அக்கா ஒருநாளும் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. அவர் இருந்தபோது அதற்கு நான் நன்றி சொன்னதில்லை. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இன்று சொல்கிறேன், அக்கா.