ஏறுங்கடி என்ற குரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அணிக்குக் கால்பந்து பழக்கியவர் ஹட்டன் டவுனில் குடைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர். நாங்கள் அவரை நானா என்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கிறது மைதானம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ரயில் பாதை. மத்தியானம் தாண்டினால் மூடுபனி இறங்கிவிடும்.

நானாவுக்குப் பிடித்த பயிற்சி ஒன்றுதான். உர பேக்குகளில் கல்லைப் போட்டு நாலு மூலையிலும் வைத்துச் சதுரம் கட்டுவார். உள்ளே நாங்கள் நாலு பேர் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தார் நுழைந்து பறிப்பார்கள். பறிபோன அந்த நொடியில் பின்வாங்கக் கூடாது. ஒருத்தி பந்தின் மீது பாய, மற்றவர்கள் அது போகும் வழிகளை அடைக்க வேண்டும். நானா ஐந்து தடவை கைதட்டி முடிப்பதற்குள் பந்து திரும்ப எங்கள் காலுக்கு வந்துவிட வேண்டும்.

"பந்து போனா கவலப்பட்டுக்கிட்டு நிக்க ஏலாது தங்கச்சி. போன எடத்துலயே புடிக்கணும். குளவி மாதிரி மொய்க்கணும்!"

ஒருத்தி பிந்தினாலும் அந்த இடைவெளியில் பந்து நழுவிவிடும். எல்லோரும் சேர்ந்து பாய ஒரு குரல் வேண்டும். அந்தக் குரலைக் கொடுத்தவள் என் சிநேகிதி. கொழுந்து பறிக்கிறவள், கரகரத்த தொண்டை. "ஏறுங்கடி!" என்று ஒரு சத்தம் போட்டால் எங்கள் கால்கள் யோசிக்காது.

போன வருடம் மழை விட்டிருந்த ஒரு காலையில் அவள் பறித்துக்கொண்டிருந்த மலையில் குளவிக்கூடு கலைந்தது. அவள் ஓடித் தப்பியிருக்கலாம். மேட்டுக்கு அந்தப் பக்கம் பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஓடுங்கடி, கீழ ஓடுங்கடி!" என்று நின்ற இடத்திலேயே நின்று கத்தியிருக்கிறாள். அந்தப் பக்கம் இருந்தவர்களில் எங்கள் கோல் கீப்பரும் ஒருத்தி. "அவ கத்திக்கிட்டே இருந்தா, அக்கா. அப்புறம் கத்தல" என்று மட்டும் பிறகு என்னிடம் சொன்னாள்.

எனக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் வேலை. குழந்தைகளுக்குப் பால் கரைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் எனக்கும் எட்டியது. எப்போதும் கத்துகிறவள்தானே என்று பாலை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அவளை அடக்கம் செய்தபின் நெடுநாள் யாரும் மைதானத்துப் பக்கம் போகவில்லை. கோல் கீப்பர்தான் ஒருநாள், "வெளையாடுவோம் அக்கா. லயத்து வீட்டுல இருந்தா அந்தச் சத்தமே காதுல நிக்கிது" என்றாள்.

நானா வந்தார். சதுரம் கட்டினார். பழைய பழக்கத்தில் "குளவி..." என்று தொடங்கியவர் சட்டென்று இருமி, குனிந்து உர பேக்கை நகர்த்தினார்.

அவள் இடத்தில் இப்போது ஒரு புதுப்பெண். கொத்மலையிலிருந்து எங்கள் லயத்துக்குக் கலியாணம் கட்டி வந்தவள். என் சிநேகிதியைக் கண்டதே இல்லை. பந்து பறிபோனது. நாங்கள் நாலு பேரும் நட்டுவைத்த கம்பு போல நின்றோம்.

"யாராச்சும் கூப்பிடுங்களேன்" என்று நானா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தச் சொல்லை நான் சொன்னால் அவள் போய்விட்டாள் என்று ஆகிவிடும். அதற்கடுத்த ஞாயிறுகளும் அப்படியே போயின.

பிறகு, எதிர் மூலையே தெரியாத அளவுக்குப் பனி மூடிய ஒரு நாள். பந்து கைமாறியது. நாங்கள் நாலு பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம். நானா கைதட்டத் தொடங்கியதுமே பந்து என் காலடியில் இருந்தது.

"சத்தமே இல்லாம எப்பிடிப் பாஞ்சீங்க?" நானா சிரித்துக்கொண்டே வந்தார்.

கொத்மலைப் பெண் என்னைக் காட்டினாள். "அக்காதானே கூப்பிட்டாங்க."

"நான் இல்லியே."

"அப்ப யாரு? தொண்ட கட்டுன மாதிரி, மேல இருந்து கேட்டுச்சே. ஏறுங்கடின்னு."

கோல் கீப்பர் புல்லில் உட்கார்ந்து அழுதாள். நானா சிரிப்பை நிறுத்தி, உதட்டுக்குள் ஏதோ ஓதினார். அந்தச் சொல்லை நாங்கள் யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொன்னதில்லை. லயத்தில் எவராவது சொல்லியிருப்பார்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எனக்குக் கேட்டதா என்று கேட்டால் தெரியாது. கால் ஓடியது.

அதன்பின் பனி இறங்கிய நாட்களில் எல்லாம் அப்படி நடந்தது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. முதலில் பயந்தோம், பிறகு அதற்காகவே நேரத்தோடு வந்து நின்றோம்.

ஹட்டனில் போட்டி வந்தது. சுள்ளென்று வெயில், சுற்றிலும் சனம். நடுவில் பந்து பறிபோனது. நாங்கள் காத்து நின்றோம். அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள். மறுபடி பறிபோனபோது கோல் கம்பத்துக்கடியிலிருந்து அலறல் வந்தது:

"அக்கா, நீங்க கூப்பிடுங்க! அவ இங்க வரமாட்டா!"

"ஏறுங்கடி!" என்றேன். கீச்சென்ற என் சொந்தக் குரல். மூன்று பேரும் பாய்ந்தார்கள். பந்து கிடைத்தது, கோலும் விழுந்தது. சமநிலையில் முடிந்த ஆட்டம் அது. திரும்பும் பஸ்ஸில் கோல் கீப்பர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து கூப்பிடுவது என் வேலை. எவ்வளவு பனி இறங்கினாலும் வேறெந்தச் சத்தமும் வருவதில்லை. கொத்மலைப் பெண்ணும் கேட்கவில்லை என்கிறாள்.

ஆனாலும் சில நேரம், பந்து போனதும் நான் உடனே வாயைத் திறப்பதில்லை. மற்ற மூவரும் அவசரப்படுவதில்லை. தேயிலைப் பக்கம் தலையைச் சாய்த்தபடி நிற்கிறார்கள்.

"என்ன தங்கச்சி, பந்து போகுதே!" என்று பனிக்குள்ளிருந்து நானா கத்துகிறார்.