புல்லுக்கட்டுக்குள் ஓர் ஆள்

"ஐயோ பெரியம்மா, பஸ்ஸு வருது பாருங்க! அந்தக் கரையிலயே நில்லுங்க!"

நிலக்ஷி கத்துவது கணினித் திரையைப் பார்த்து. அந்தப் பெரியம்மா தெருவைக் கடந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது; பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தும் இருப்பார். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

ஹட்டன் நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் அவளுக்கு வேலை. சாரதி இல்லாமல் ஓடும் வாகனத்துக்கு, தெருவில் எது ஆள், எது சைக்கிள், எது சாமான் என்று படம் படமாகக் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வண்டி பிரேக் போடப் பழகும். நிலக்ஷி கட்டத்தோடு நிறுத்துகிறவள் அல்ல. சைக்கிளில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போகிறவனைக் கண்டால், "ஒனக்கெல்லாம் பொண்டாட்டி புள்ள இல்லையா?" என்று ஏசிவிட்டுத்தான் கட்டம். ஒரு குடைக்குள் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு போனால், கால்களை எண்ணிப் பார்த்து மூன்று கட்டம் போடுவாள்.

வம்பு ஒரு புல்லுக்கட்டால் வந்தது. மழைத் தெருவின் ஓரத்தில் பெரிய பச்சைக் கட்டு. அடியில் இரண்டு கால். 'ஆள்' என்று போட்டாள். தலை தெரியாவிட்டால் 'சாமான்' என்பது கம்பனியின் விதி. படம் 'பிழை' என்று இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் தடவையும் வந்தால் வேலை போய்விடும்.

மேற்பார்வையாளர் ரிஸ்வி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, சாமான்னு போட்டுட்டு விடுங்களேன். ஒங்களுக்கு என்ன நட்டம்?"

"எந்தச் சாமான் செருப்பு போட்டுக்கிட்டு நடக்குது, சேர்? அதுவும் ஒண்ணு நீலம், ஒண்ணு செவப்பு!"

ரிஸ்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ரூல்ஸ் அப்படி, தங்கச்சி" என்றார்.

"எங்க அப்பா டிக்கோயா ரோட்டுல தெனமும் மாட்டுக்குப் புல்லறுத்துக்கிட்டு இப்படித்தான் வர்றாரு, சேர். சாமான்னா அசையாதுன்னுதானே வண்டி நெனைக்கும்? அவரு சடார்னு குறுக்க திரும்புனா?"

வேலை போய்விடுமே என்ற பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. ரிஸ்வி எழுந்துபோய் ஜன்னலருகே நின்றுகொண்டார்.

நிலக்ஷி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். செருப்பில் கட்டத்தைத் தொடங்கினாள். அப்பாவின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அவ்வளவுக்குப் புல்லுக்குள் இழுத்தாள். இன்னும் ஒரு விரற்கடை கூட்டினாள். 'ஆள்' என்று அடித்து அனுப்பினாள்.