கிருமி கொண்டுவந்தவன்

அக்கா குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு, பையோடு தெமோதரை ஸ்டேஷனுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அவள் மகளுக்கு நிறைமாதம். நான் கிருமி கொண்டுவந்திருப்பேனோ என்று பயந்து அக்கா என்னை உள்ளே விடவில்லை. வெளிநாட்டில் குரங்கு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்ததை வாசலிலேயே சொன்னது என் தப்பு.

“கொரங்குக்கு வைரஸ் போட்டாங்களா?” என்றாள்.

“நோய் உண்டாக்குறத வைரஸிலேருந்து எடுத்துட்டுத்தான் போடுவாங்கக்கா. அது ஒரு மரபணுவ மூளைக்குக் கொண்டுபோகும். எந்த நரம்பு கைய ஆட்டுதுன்னு பார்க்கத்தான்.”

“எட்டாம் வகுப்புத் தாண்டாதவன் டாக்டரு மாதிரி பேசுறான்,” என்று மச்சான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“புள்ள பொறக்கட்டும் தம்பி. பொறகு வா.”

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த மரபணுவை வேலைசெய்ய வைக்கும் மருந்தைத் தீனியில் கலந்தவன் நான். சில நாளில், என் கையிலிருந்து கடலை எடுக்கும் பெண் குரங்கின் விரல்கள் தடுமாறின. கடலை விழ விழ அது என் முகத்தையே பார்த்தது. மருந்தை நிறுத்தியதும் விரல்கள் சரியாகிவிட்டன. ஆனால் பிறகு அது என்னிடம் எதையும் வாங்கவில்லை.

மறுநாள் காலை, அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் களைப்புல்லைக் கொல்ல மருந்தடிக்கும் வேலை கிடைத்தது. தங்க அறை உண்டு என்றதால் ஒப்புக்கொண்டேன். கையுறை கேட்டேன்.

“இது என்ன ஆஸ்பத்திரியா?” என்று, வேலையாட்களை மேய்க்கும் கங்காணி மருந்து டேங்கை என் முதுகில் ஏற்றினார்.