சுசிலாவின் என்ஜின் காசு

அளம்பில் கரையில் கருவாடு வாங்கி விற்கும் சுசிலா, சாக்கின் வாயைப் பார்த்து ஒருநாளும் விலை பேசியதில்லை. கவிழ்த்துக் கொட்டச் சொல்லுவா. ஒருமுறை அவா கொட்டுவித்த சாக்கிலிருந்து வந்த மணலில் ஒரு வீட்டுக்கு அத்திவாரமே போட்டார்கள். நம்பக் கஷ்டமென்றால் அரை வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவா, காசு விஷயத்தில் மட்டும் வாயைப் பார்த்து ஏமாறப் பார்த்தா. கணவர் ஸ்ரனிஸ்லசின் படகுக்குப் புது என்ஜின் வாங்கச் சேர்த்த காசு வங்கியில் கிடந்தது. வவுனியாவிலிருந்து வந்த முதலீட்டு முகவர் நிருஷன், "பணச்சந்தை நிதியத்தில போடுங்கோ அக்கா. வங்கியைவிட வட்டி கூட. நினைச்ச நேரம் எடுக்கலாம்" என்றான். அதுவும் ஒருவகை வங்கிதான் என்று நினைத்துப் போட்டுவிட்டா.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் திறக்கமுன் என்ஜின் வேண்டும். மழைக்குள் வியாபாரமில்லாமல் இருந்தவாவுக்கு ஒரு யோசனை வந்தது. தேவையில்லாமலே கொஞ்சக் காசைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தா. அது வந்துசேர ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. உடனே நிருஷனுக்கு அழைப்பெடுத்தா.

"நினைச்ச நேரம் எண்டனீர் தம்பி. நான் அவ்வளவு மெதுவாவோ நினைக்கிறனான்?"

"கொஞ்சம் நெருக்கடி அக்கா."

"என்ர காசு இப்ப ஆரிட்ட இருக்கு?"

நிருஷன் செருமினான். "கொஞ்சம் திறைசேரி உண்டியலில, அது அரசாங்கத்துக்குக் குடுத்த கடன். மிச்சம் ரெண்டு மூண்டு கம்பனிக்குக் குடுத்தது."

"மிச்சம் எண்டால்?"

"முக்கால்வாசி. அதாலதான் வட்டி கூட."

"அவங்கள் திருப்பித் தராட்டில்?"

"நட்டம் உங்களுக்குத்தான். வங்கி வைப்புக்கு இருக்கிற காப்புறுதி இதுக்கு இல்லை."

முழுவதையும் எடுக்கச் சொல்லிவிட்டா. "வாற வட்டியை வேண்டாமெண்ட முதல் யாவாரி நீர்தான்" என்று ஸ்ரனிஸ்லஸ் நக்கலடித்தார். காசு துண்டுதுண்டாக வந்தது. கடைசித் துண்டும் வங்கிக்குள் விழுந்தபிறகுதான் அவாவுக்குச் சோறு இறங்கியது.

மாசியில் அந்தக் கம்பனிகளில் ஒன்று கடனைக் கட்டாமல் கைவிரித்தது. நிதியம் எவருக்கும் காசு கொடுப்பதை நிறுத்திவைத்தது. செய்தியைக் கேட்டு சுசிலா குசினிக் கதிரையில் இருந்தபடி சிரித்தா. ஸ்ரனிஸ்லஸ் போய் என்ஜினுக்கு விலை கேட்டுவந்தார்.

இரண்டு நாள் கழித்து நிருஷன் வாசலில் நின்றான், முகம் வாடி.

"உம்மட காசும் உதுக்குள்ளயோ தம்பி?"

"இல்லை அக்கா. நீங்கள் கேள்வி கேட்ட அண்டைக்கே என்ர காசையும் அம்மான்ர காசையும் எடுத்துப்போட்டன். அவா உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டவா."

"பாரும் இவரை" என்றார் ஸ்ரனிஸ்லஸ். "விக்க வந்தவரே வைச்சிருக்கேல்லை."

சுசிலா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினா. "குடியும். இனி வித்தால் சாமான் என்னெண்டு முதலே சொல்லும்."

"இனி விக்கிற எண்ணமில்லை அக்கா" என்றான் நிருஷன், கதிரையை இழுத்துப்போட்டபடி.