சவப்பெட்டியின் முன் இடது மூலை

1961 அக்டோபரில் போல்ட்டன் நகரத்துப் பருத்தி ஆலைக்கு எட்னா கிளெக்கின் பெயரிட்டு ஒரு கடிதம் வந்தது. அவள் அங்கே நூல் சுற்றும் வேலை பார்த்தாள். லிவர்பூல் கடிதங்கள் எதுவும் வீட்டு முகவரிக்கு வரக் கூடாதென்று திருமணத்தின்போதே தந்தையிடம் சொல்லி வைத்திருந்தாள்.

எழுதியவர் அவள் தந்தை கோஜோ அன்சா. ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து கப்பலில் கரி அள்ள வந்து, லிவர்பூல் துறைமுகச் சந்தொன்றில் குடியேறியவர். மாமியார் பெர்த்தாவிடம் எட்னா சொல்லியிருந்ததோ வேறு: தந்தை போர்த்துகீசிய மாலுமி, கடலில் இறந்துவிட்டார். இறந்துபோன வெள்ளைக்காரத் தாயிடமிருந்து அவளுக்கு வந்த வெளிர் நிறம் அந்தப் பொய்க்கு இடம் கொடுத்தது. கணவன் ஹரால்டுக்கு மட்டும் உண்மை தெரியும்.

"எங்க சந்துல படம் எடுத்தாங்க கண்ணு," என்று எழுதியிருந்தார் அன்சா. "துறைமுகத் தொழிலாளி குடும்பத்துக் கதை. சாவு ஊர்வலத்த நீங்க வழக்கமா எப்படி நடத்துவீங்களோ அப்படியே நடத்துங்கன்னுட்டார் டைரக்டர். பக்கத்து வீட்டுக்காரன்தானே பெட்டியோட முன் இடது மூலையத் தூக்கணும்? நான்தான் தூக்கினேன். முகம் நல்லாத் தெரியுமாம். தவறாமப் பாரு."

அவருக்கும் எட்னாவுக்கும் முன்பற்களுக்கு நடுவே அதே இடைவெளி, மேலேறிய அதே இடப் புருவம். பெர்த்தாவோ, தள்ளுவண்டியில் கிடக்கும் குழந்தையின் காதைப் பார்த்தே எந்த வீட்டுப் பிள்ளையென்று சொல்லிவிடுகிறவள்.

அன்று மாலையே பெர்த்தா ஆரம்பித்தாள்: "சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போறோம். லிவர்பூல் துறைமுகத்துல எடுத்ததாம், நம்மள மாதிரி ஆளுங்க கதையாம்."

"எனக்குத் தலைவலி அத்தை."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைடி. சனிக்கிழமைத் தலைவலி இப்பவே வந்துடுச்சா?"

அரங்கில் பெர்த்தாவுக்கு வாய் ஓயவில்லை. "அந்த அடுப்பப் பாரேன், நம்ம அடுப்பேதான்!" எட்னா திரையைப் பார்க்கவில்லை, கைப்பையின் பிடியை முறுக்கியபடி காட்சிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கிழவர் படுத்தார். இருமினார். சாவுக்கு மரியாதையாகச் சந்து முழுக்க ஜன்னல் திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன.

தொலைவில் வாசலிலிருந்து பெட்டி வெளியே வந்தது. முன் இடது மூலை மற்றவற்றைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதன் கீழே குனிந்த தொப்பி ஒன்று; அப்பாவின் உயரம். காமிரா நெருங்கியது. எட்னா கண்களை இறுக மூடித் திறந்தாள்.

அந்த மூலையைத் தூக்கிக்கொண்டிருந்தவன் வேறொருவன். குட்டையானவன், வெளுத்த முகம். சந்திலிருந்த மற்ற முகங்களும் அப்படியே. அன்சாவின் அண்டை வீட்டார் ஒருவரைக்கூடக் காணோம்.

அவளுக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சிலேயே முன்னைவிடக் குளிர்ந்த பயமொன்று ஏறியது: அப்பாவை வெட்டியெறியக் கத்தரிக்கோலை முதலில் எடுத்தது படக்காரர்களல்ல, அவள்தான்.

"கூத்தப் பாரு!" பெர்த்தா உரக்கச் சிரித்தாள். "வாசல்ல தூக்கின நெட்டையன் திருப்பத்துல குட்டையனாயிட்டான்!" முன்வரிசையும் சிரித்தது.

"அந்த நெட்டையா இருந்தவர் எங்கப்பா, அத்தை."

"என்னடி சொல்ற?"

"ஆப்பிரிக்காக்காரர். லிவர்பூல்ல உயிரோட இருக்கார்."

பெர்த்தா திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ முகத்த ஏன் காட்டல?"

"நான் ஏன் உங்ககிட்ட சொல்லலையோ, அதுக்குத்தான்."

படம் முடிந்தது. வெளியே மழை. படம் பார்த்தால் வழக்கமாகப் போகும் மீன் வறுவல் கடைக்குள் பெர்த்தா இன்று அவளை அழைக்காமல் தனியாக நுழைந்தாள். உள்ளே போவதா, பஸ் ஏறிவிடுவதா என்று தெரியாமல் எட்னா வாசலில் நனைந்தாள்.

பெர்த்தா இரண்டு பொட்டலங்களோடு வந்தாள். "புடி. வினிகர் போட்டிருக்கு." பிறகு கேட்டாள்: "ஹரால்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் பயந்திருக்க."

எட்னா பொட்டலத்தைப் பிரித்து, மழை படாமல் குனிந்து தின்னத் தொடங்கினாள்.